ஆர்.எக்ஸ். 100: இரண்டாம் கியரைத் தேடி

11 ஜனவரி 2025, சனி

பெரம்பூர் மேம்பாலத்தில் இன்றும் அதே கதை. இரண்டாம் கியரில் ஏறும்போது ஆக்ஸிலேட்டரைச் சற்று முறுக்கினால் போதும், ‘டக்’கென்று கியர் வெளியே தள்ளிவிடுகிறது, இன்ஜின் வீணாக அலறுகிறது. முதலாம் கியரிலும் மூன்றாம் கியரிலும் இந்தத் தொல்லை இல்லை. கிளட்ச் வழுக்கினால் எல்லா கியரிலும் வழுக்கும். ஒரே கியர், அதுவும் சுமை ஏறும்போது மட்டும் தள்ளுகிறது என்றால் கோளாறு உள்ளே, பல்சக்கரங்களிடம்தான் இருக்கிறது.

வண்டி அப்பா 1993-இல் வாங்கிய யமஹா ஆர்.எக்ஸ். 100. 98 சிசி, இரண்டு ஸ்ட்ரோக், நான்கு கியர். ஐ.சி.எஃப். (ரயில்பெட்டித் தொழிற்சாலை) பணிமனைக்கு ஓய்வு பெறும்வரை இதில்தான் போய்வந்தார். தெரிந்த மெக்கானிக் ஒருவர் திறந்தே பார்க்காமல், “ஃபோர்க் மாற்றினால் சரியாகிவிடும்” என்றார். ஃபோர்க் என்பது பெட்டிக்குள் கியர் சக்கரத்தை நகர்த்தும் கவை. அது ஏன் கெட்டது என்று கேட்டேன். பதில் வரவில்லை. பொங்கல் விடுமுறை வருகிறது. வீட்டிலேயே இறக்கிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட்டில் கியர்பெட்டி தனியாக இருக்கும். இன்ஜினைத் தொடாமலே அதைத் திறக்கலாம். இதில் அந்த வசதி இல்லை. பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்கும் கியர்களும் ஒரே அலுமினியக் கூட்டுக்குள் இருக்கின்றன. அந்தக் கூடு இடது, வலது என இரண்டு பாதியாகப் பிரிகிறது. சிலிண்டர் இரண்டு பாதிகளின் மேலும் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே இரண்டாம் கியரை அடைய வேண்டுமானால் நன்றாக இருக்கும் பிஸ்டன், சிலிண்டர், மேக்னட் (மின்சாரம் தரும் காந்தச் சக்கரம்), கிளட்ச் எல்லாவற்றையும் கழற்றித்தான் ஆக வேண்டும். நன்றாக இருப்பவற்றைக் கெடுக்காமல் கழற்றுவதுதான் இந்த வேலையின் பெரும்பகுதி.

12 ஜனவரி, ஞாயிறு

இன்று இன்ஜினை இறக்கவில்லை. இறுகிய நட்டுகளைத் தளர்த்தியதோடு சரி. அக்கா மகன் உதவிக்கு வந்திருந்தான்.

“இன்ஜினை முதலில் கீழே இறக்கிவிட்டு நிதானமாகக் கழற்றலாமே, மாமா?” என்றான்.

வீட்டில் வேலை செய்பவர்கள் பலர் தடுமாறும் இடம் இதுதான். பணிமனையில் கிராங்கைப் பிடித்துக்கொள்ளத் தனிக் கருவிகள் இருக்கும். வீட்டில் நமக்கு இருக்கும் ஒரே பிடிமானம் பின்பிரேக். அதுவும் இன்ஜின் சட்டத்தில் இருக்கும்வரைதான். நான்காம் கியரைப் போட்டு, பின்பிரேக்கை ஒருவர் அழுத்திக்கொண்டால், சங்கிலி, கியர், கிளட்ச் வழியாக அந்தப் பிடி கிராங்க் வரைக்கும் போகிறது. இடப்பக்கம் மேக்னட் நட்டையும், வலப்பக்கம் கிராங்கின் முனையிலிருந்து கிளட்சைச் சுற்றும் பிரைமரி கியரின் நட்டையும் அந்தப் பிடியில் தளர்த்திவிட வேண்டும். கிளட்சைப் பிரித்த பிறகு கிராங்குக்குப் பிடி கிடையாது. கிளட்ச் ஹப்பின் நட்டு அதற்குப் பிறகுதான். அதன் வாஷரின் மடிப்பை நிமிர்த்தாமல் ஸ்பேனரை வைக்கக் கூடாது. இன்ஜினைத் தரையில் போட்டுவிட்டு, பிஸ்டனுக்கு அடியில் எதையாவது செருகி நட்டைத் திருப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்தால் கியர் வேலை கிராங்க் வேலையாகிவிடும்.

இதற்கெல்லாம் முன்பாக கியர் எண்ணெயை வடித்தோம். சாம்பல் நிறத்தில் வந்தது. காந்தத்தை விட்டுத் துழாவியதில் மெல்லிய இரும்புச் சேறும், அரிசிக் குறுநொய் அளவில் இரண்டு துணுக்குகளும் ஒட்டிக்கொண்டன. சேறு வண்டிக்கு வயதானால் வருவதுதான். துணுக்குகள் அப்படியல்ல.

மூடிகளின் திருகுகள், சுத்தியல் அடியில் திரும்பும் இம்பாக்ட் டிரைவருக்குத்தான் அசைந்தன. ஜப்பானிய வண்டிகளின் நட்சத்திரத் திருகுக்கும் நம் கடைகளில் கிடைக்கும் சாதாரண நட்சத்திரத் திருப்புளிக்கும் தலையமைப்பில் நுட்பமான வேறுபாடு உண்டு. பொருந்தாத முனையை வைத்து முறுக்கினால் வழுக்கி, தலை சிதைந்துவிடும். சரியான முனை, மேலிருந்து ஓங்கி ஓர் அடி. அவ்வளவே போதும்.

14 ஜனவரி, செவ்வாய்

பொங்கல். வண்டியைத் தொடவில்லை.

15 ஜனவரி, புதன்

மாட்டுப் பொங்கல். காலையில் சைலன்சர், கார்புரேட்டர், கிளட்ச் கேபிள், சங்கிலி, ஒயர்கள் என்று வரிசையாக விடுவித்தோம். இன்ஜினுக்கு டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் ஊட்டும் ஆட்டோலூப் பம்புக்கு வரும் எண்ணெய்க் குழாயைக் கழற்றியதும் ஒரு போல்ட்டைச் செருகி அடைத்தாயிற்று. இல்லையென்றால் தொட்டியில் உள்ள எண்ணெய் முழுவதும் தரைக்கு வந்துவிடும். ஒவ்வொரு போல்ட்டும் கழன்றதும் அட்டையில் வரைந்த படத்தில் அதனதன் இடத்தில் குத்தப்பட்டது. நீளம் வேறுபடும் திருகுகளுக்கு இது கட்டாயம். நீளமானது குட்டையானதன் துளையில் போனால் அலுமினியம் வெடிக்கும்.

சிலிண்டரையும் ஹெட்டையும் சட்டத்தில் இருக்கும்போதே எடுத்துவிட்டேன். கனெக்டிங் ராடைச் சுற்றிச் சுத்தமான துணி. பிறகு தாங்கு போல்ட்டுகளை உருவி, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கி மேசையில் வைத்தோம். நான்கு ஸ்ட்ரோக் பெரிய வண்டிகளுக்குத் தேவைப்படும் ஜாக்கி எதுவும் வேண்டியிருக்கவில்லை.

18 ஜனவரி, சனி

மேக்னட்டை அதற்குரிய மரையுள்ள புல்லரால் இழுத்து, அதைக் கிராங்கில் நழுவாமல் வைக்கும் பிறைவடிவச் சாவியைத் தனியே டப்பாவில் போட்டேன். கிளட்ச், பிரைமரி கியர், கிக்கர் எல்லாம் வெளியே வந்துவிட்டன. இனிக் கூட்டைப் பிளக்க வேண்டும்.

திருகுகளை எடுத்துவிட்டுப் பார்த்தால், இரண்டு பாதிகளும் சேரும் கோட்டில் பழைய காயங்கள். முன்பு எப்போதோ இதைத் திறந்த யாரோ திருப்புளியைச் செருகி நெம்பியிருக்கிறார்கள். எனக்கு வயிறு எரிந்தது. இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் இருக்கும் அறை வெறும் கூடு அல்ல; பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை முதலில் அங்கேதான் வந்து, பிஸ்டன் இறங்கும்போது அமுக்கப்பட்டு மேலே போகிறது. அந்தச் சேரும் கோட்டில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் வெளிக்காற்றை உறிஞ்சும். கலவையில் பெட்ரோல் குறையும், சூடேறும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஒரு நிமிட அவசரத்துக்கு இவ்வளவு விலை.

இன்று நெம்பவே இல்லை. பேரிங் இருக்கும் இடங்களைச் சுற்றி வெப்பக்காற்றால் சூடாக்கி, ரப்பர் சுத்தியலால் தட்டித் தட்டி, இரண்டு முனைகளும் சமமாக நகர்கின்றனவா என்று பார்த்துக்கொண்டே வேலை நடந்தது. ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று. கூடு பிரிந்தது.

19 ஜனவரி, ஞாயிறு

குற்றவாளி கிடைத்துவிட்டது, கூட்டாளிகளும்.

இந்தப் பெட்டியில் பல்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தே சுற்றுகின்றன. கியர் போடும்போது ஃபோர்க் ஒரு சக்கரத்தைப் பக்கவாட்டில் நகர்த்துகிறது. அதன் பக்கத்தில் நிற்கும் முட்டுகள் அடுத்த சக்கரத்தின் பள்ளங்களுக்குள் போய்ப் பிடித்துக்கொள்கின்றன. அந்த முட்டுகளின் விளிம்பு கூராக இருக்கும்வரை சுமை ஏற ஏறப் பிடி இறுகும். விளிம்பு மழுங்கினால் அதே சுமை சக்கரத்தை வெளியே தள்ளும். எங்கள் இரண்டாம் கியரின் முட்டுகள் வழவழத்த கூழாங்கல்லாக உருண்டிருந்தன. ஒன்றின் மூலை உடைந்திருந்தது; காந்தத்தில் ஒட்டிய துணுக்கு அங்கிருந்து வந்ததுதான்.

தள்ளப்படும் சக்கரத்தை இத்தனை காலமும் ஃபோர்க் மட்டுமே இழுத்துப் பிடித்திருக்கிறது. அதன் ஒரு நுனி தேய்ந்து, சூட்டில் நீலம் பாய்ந்திருக்கிறது. ஆக மெக்கானிக் சொன்ன ஃபோர்க் கோளாறு உண்மைதான். ஆனால் அதை மட்டும் மாற்றியிருந்தால் புது ஃபோர்க்கும் அதே கதிக்குத்தான் போயிருக்கும். ஃபோர்க் ஓடும் தண்டைக் கண்ணாடிப் பலகையில் உருட்டிப் பார்த்தேன். வளைவில்லை.

அப்பா நாற்காலியைப் போட்டுக்கொண்டு கூட்டின் காயங்களை விரலால் தடவிப் பார்த்தார். “ரம்பம், அரம் எதையும் கொண்டுவராதே. எண்ணெய்க்கல் போதும். எழும்பி நிற்பதை மட்டும் தேய், பள்ளத்தை விட்டுவிடு” என்றார். பள்ளத்தை ஒட்டுப்பசை நிரப்பிக்கொள்ளும். மேட்டைத் தேய்க்காவிட்டால் பாதிகள் சேராது. மாலை முழுவதும் அவரே தேய்த்தார்.

21 ஜனவரி, செவ்வாய்

புதுப்பேட்டை, சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தை. இந்த வண்டியின் உற்பத்தி 1996-இல் நின்றது. அசல் உதிரிபாகம் என்று அச்சிட்ட புதுப்பெட்டிகளில் பாதியை நம்ப முடியவில்லை. ஒரு கடையில் காட்டிய ‘புதிய’ சக்கரத்தின் முட்டு விளிம்புகள் பெட்டியிலேயே மழுங்கியிருந்தன. அதைவிடப் பழைய இன்ஜினிலிருந்து எடுத்த, விளிம்பு நகத்தில் சுரண்டும் அளவுக்குக் கூராக இருந்த சக்கரமே மேல் என்று முடிவு செய்தேன். பள்ளமுள்ள இணைச் சக்கரத்தையும் சேர்த்தே வாங்கினேன். தேய்ந்த ஒன்றோடு நல்ல ஒன்றைச் சேர்த்தால் இரண்டும் கெடும். ஃபோர்க் புதிது. சக்கரங்களைத் தண்டில் நிறுத்தும் வளையங்களான சர்க்ளிப்புகள், கிராங்கின் இரண்டு ஆயில் சீல்கள் புதிது.

மழுங்கிய முட்டுகளுக்கு வெல்டிங் வைத்துத் தேய்த்துத் தருவதாக ஒருவர் சொன்னார். வேண்டாம் என்றேன். மேற்புறத்தைக் கடினப்படுத்திய எஃகு அது. வெல்டிங் சூட்டில் அந்தக் கடினம் போய்விடும்.

25 ஜனவரி, சனி

பூட்டும் நாள். சர்க்ளிப்பின் கூர்விளிம்பு சுமை வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும். இதைக் கவனிக்காமல் பூட்டிய பெட்டிகள் சீக்கிரமே திரும்பி வருகின்றன. தண்டுகள், ஃபோர்க்குகளை நகர்த்தும் டிரம், ஃபோர்க்குகள் எல்லாம் ஒரு பாதியில் உட்கார்ந்ததும், தண்டைக் கையால் சுற்றியபடியே நியூட்ரலிலிருந்து நான்கு வரை போட்டுப் பார்த்தேன். இரண்டாம் கியர் விழும் சத்தமே வேறாக இருக்கிறது. மெல்லிய பூச்சாக ஒட்டுப்பசை, வழிகாட்டி முளைகள் தம் இடத்தில், திருகுகள் குறுக்குக் குறுக்காகச் சிறிது சிறிதாக.

26 ஜனவரி, ஞாயிறு

சிலிண்டரையும் ஹெட்டையும் பூட்டியாயிற்று. பக்க மூடிகளைப் போடுவதற்கு முன் கசிவுச் சோதனை. கார்புரேட்டர் வழியையும் புகைபோக்கி வழியையும் ரப்பர் தட்டால் அடைத்து, பிளக் துளையில் அப்பாவின் இரத்த அழுத்தக் கருவியின் குழாயை இணைத்தோம். பாதரசக் கணக்கில் 300 மி.மீ. வரை ஏற்றினால் ஏறத்தாழ 6 பி.எஸ்.ஐ.; இந்த வேலைக்கு அதுவே போதும். சேரும் கோடு முழுவதும் சோப்பு நீர். ஐந்து நிமிடங்களுக்கு மேலாகியும் முள் இறங்கவில்லை. அந்தப் பழைய காயங்களின் மேல் ஒரு குமிழிகூட வரவில்லை. அப்பா எழுந்து வந்து முள்ளைப் பார்த்தார். என் தோளில் தட்டினார்.

1 பிப்ரவரி, சனி

ஏற்றிப் பூட்டியாயிற்று. எண்ணெய்ப் பம்பில் காற்றை வெளியேற்றியும் முழுதாக நம்பிவிடக் கூடாது என்பதால், முதல் ஓட்டத்துக்குப் பெட்ரோலிலேயே லிட்டருக்கு 40 மில்லி டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் கலந்துகொண்டேன். மூன்றாவது உதையில் கிளம்பியது. மேம்பாலத்தில் இரண்டாம் கியரில் அக்கா மகனைப் பின்னால் உட்காரவைத்து, முழுதாக முறுக்கி ஏறினேன். தள்ளவில்லை. இரண்டு முறை ஏறி இறங்கிய பிறகு அப்பா தானும் வருவதாகச் சொன்னார். அவரையும் ஏற்றிக்கொண்டு போனேன்.

200 கிலோமீட்டர் ஓடியதும் கியர் எண்ணெயை வடித்துக் காந்தத்தைப் பார்க்க வேண்டும். ஆட்டோலூப் குழாயின் கிளிப் ஒன்று தளர்ந்திருக்கிறது, நாளை மாற்றுகிறேன்.