மாடியிலிருந்து இறங்கும் ஒயர்

இரவு 10.30 மணிக்கு மேல், சந்தில் ஆள் நடமாட்டம் அடங்கிய பிறகு, முதல் மாடி ஜன்னல் வழியாக நான் ஒரு ஒயரை இறக்குவேன். 15 மீட்டர், மூன்று கோர், 2.5 ஸ்கொயர். கீழே என் மகன் அதைப் பிடித்து எலக்ட்ரிக் ஸ்கூட்டரின் சார்ஜரில் செருகிவிட்டு, மேலே பார்த்துக் கட்டைவிரலை உயர்த்துவான். காலை 5.30 மணிக்குத் தண்ணீர் பிடிக்க ஆட்கள் குடத்தோடு வருவதற்குள் சுருட்டிவிட வேண்டும். மூன்று வருடமாக இதுதான் வழக்கம்.

வீடு வடசென்னையில், தண்டையார்பேட்டையில், டி.எச். ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில். வேலை ராஜாஜி சாலையில், துறைமுகச் சரக்குகளுக்குச் சுங்க வேலை முடித்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜென்டிடம். பேப்பர் வேலை பாதி, அலைச்சல் பாதி. கன்டெய்னர் யார்டுகள் மாதவரத்திலும் மணலியிலும் இருப்பதால் ஒரு நாளைக்கு 45 கிலோமீட்டர் ஓடிவிடும். அதுவும் எண்ணூர் நெடுஞ்சாலையில், டிரெய்லர்களுக்கு நடுவே, வாயில் கர்சீப்பைக் கட்டிக்கொண்டு. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டிய பிறகு மாதம் 2,500 ரூபாய் அதற்கே போனது. 2023 ஆகஸ்டில் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கினேன். அந்த வருடம் வந்த தமிழ்நாடு மின்வாகனக் கொள்கையில் 2025 டிசம்பர் 31 வரை சாலை வரி முழு விலக்கு. ஷோரூமில் இருந்த தம்பி அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "சார்ஜ் எங்கே போடுவீங்க?" என்று அவரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. வீட்டில் பிளக் இருக்கிறதே!

பிளக் மாடியில் இருந்தது. வண்டி தெருவில் இருந்தது. பேட்டரியோ கழற்ற முடியாத வகை.

முதல் மாதம் வீட்டில் கிடந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றை வைத்து ஓட்டினேன். டிவிக்கு வாங்கிய 5 ஆம்ப்ஸ் பாக்ஸ். ஒரு நாள் இரவு ஒரு மணிக்கு என் மனைவி எழுப்பி, "ஏங்க, ஏதோ கருகுற வாசனை வருது" என்றாள். போய்ப் பார்த்தால் பாக்ஸின் ஒரு ஓட்டை மெழுகு மாதிரி உருகியிருந்தது. அதோடு விஷயம் ஹவுஸ் ஓனர் அம்மாவின் காதுக்குப் போய்விட்டது. அதற்கு முந்தைய வருடம், 2022 மார்ச்சில், வேலூரில் சார்ஜில் இருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து அப்பாவும் மகளும் இறந்துபோனதை அவர் மறக்கவே இல்லை. "தம்பி, இந்த வண்டி என் வீட்டு வாசல்ல வேண்டாம்" என்றார். எப்படிக் கோபப்படுவது? அந்தப் பயம் எனக்கும்தான் இருந்தது. அந்த மாதிரி விபத்துகளுக்குப் பிறகுதான் பேட்டரிப் பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கினார்கள், 2022 டிசம்பரிலிருந்து புது விதி என்றெல்லாம் சொன்னேன். அவர் என்னையும் உருகிய பாக்ஸையும் மாறிமாறிப் பார்த்தார்.

எலக்ட்ரீஷியன் வந்தார். எடுத்த எடுப்பில் அவர் கேட்டது, "எர்த் எங்கேண்ணே?" என்றுதான். 50 வருடத்துப் பழைய வீடு. மூன்று ஓட்டை பிளக்குகள் எல்லா அறையிலும் இருந்தன, மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இல்லை. பின்பக்கம் குழாயடிக்குப் பக்கத்தில் குழி தோண்டி, பைப் இறக்கி, கரியும் உப்பும் போட்டு எர்த் எடுத்தார். தனியாக 15 ஆம்ப்ஸ் பாயிண்ட், கோளாறு வந்தால் கரண்டைத் துண்டிக்க ஒரு டிரிப்பர், என் யூனிட்டைத் தனியாகக் காட்ட ஒரு சப் மீட்டர். வாடகைக்கு இருப்பவன் அடுத்தவர் வீட்டுக்கு 7,800 ரூபாய் செலவு செய்தேன் என்று ஆபீசில் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். இப்போது அந்த வீட்டில் வாஷிங் மெஷினைத் தொட்டால் யாருக்கும் ஷாக் அடிப்பதில்லை.

ஹவுஸ் ஓனர் அம்மாவின் அடுத்த சந்தேகம், மீட்டரைக் கமர்ஷியல் ரேட்டுக்கு மாற்றிவிடுவார்களோ என்பது. மத்திய மின் அமைச்சகம் 2022 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலில், வீட்டில் இருக்கும் இணைப்பிலேயே சொந்த வண்டிக்குச் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று தெளிவாக இருக்கிறது. பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். அவர் பேரன் படித்துச் சொன்னான். "டெல்லியில சொன்னது சரி தம்பி. ரீடிங் எடுக்க வர்றவருக்கு யாரு சொல்றது?" என்றார். அந்தக் கேள்வியைச் சும்மா தள்ளிவிட முடியாது. கடைசியில் யூனிட்டுக்கு 10 ரூபாய் என்று முடிவானது. என்னால் 500 யூனிட்டைத் தாண்டினால் அவருக்கு ரேட் ஏறுமே, அது நியாயம்தான். மாதம் 37, 38 யூனிட் ஆகிறது. 380 ரூபாய். 2,500 எங்கே, இது எங்கே.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். முழங்காலுக்கு மேல் தண்ணீர். நாலு பேர் சேர்ந்து ஸ்கூட்டரைத் தூக்கித் திண்ணையில் வைத்தோம், வேண்டாம் என்று சொன்ன அதே அம்மாவின் திண்ணையில். மூன்று நாள் கரண்ட் இல்லை. 38 சதவீதத்தில் நின்ற வண்டியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

என் அக்கா மகன் கிழக்கு லண்டனில் வாடகை வீட்டில் இருக்கிறான். கார் வாங்கியதும் வீடியோ காலில் காட்டினான்: தெருவிளக்குக் கம்பத்திலேயே ஒரு சின்ன மூடி, அதைத் திறந்தால் சார்ஜர். கவுன்சில் போட்டுக் கொடுத்தது. அங்கே வெஸ்ட்மின்ஸ்டரில் சதர்லாண்ட் அவென்யூ என்ற ஒரே சாலையில் 2020-லேயே 24 கம்பங்களை இப்படி மாற்றியிருக்கிறார்கள். இன்னும் சில ஊர்களில் வீட்டிலிருந்து ரோட்டுக்கு நடைபாதையின் குறுக்கே சின்னக் கால்வாய் வெட்டி, ஒயரை உள்ளே வைத்து மூடி போடுகிறார்களாம். என் ஜன்னல் ஒயருக்கு அரசாங்க அங்கீகாரம் கிடைத்த மாதிரி இருந்தது எனக்கு!

உடனே எங்கள் சந்துக் கம்பத்தைப் போய்ப் பார்த்தேன். கம்பம் மாநகராட்சியுடையது, கரண்ட் மின்வாரியத்துடையது. சோடியம் விளக்கு போய் எல்.இ.டி. வந்ததில் இழுக்கும் கரண்டும் குறைந்திருக்கிறது. அந்த லைனில் சாயங்காலம்தான் கரண்ட் வரும், விடிந்தால் நின்றுவிடும். எனக்கும் ராத்திரிதானே வேண்டும்! ரொம்ப சந்தோஷப்பட்டேன். அப்புறம் மழைக்காலம் ஞாபகம் வந்தது. தெருவில் தண்ணீர் நின்றால் கம்பத்துக்கும் பில்லர் பாக்ஸுக்கும் நாலடி தள்ளி நடக்கச் சொல்லித்தான் மகனை வளர்த்திருக்கிறேன். அதே கம்பத்தில் போய் ஒயரைச் செருகு என்று எந்த வாயால் சொல்வேன்? லண்டன் லண்டனிலேயே இருக்கட்டும்.

புது அடுக்குமாடிகளுக்கு வழி யோசித்திருக்கிறார்கள். 2019-ல் மத்திய அரசு மாதிரிக் கட்டட விதிகளைத் திருத்தி, பார்க்கிங்கில் 20 சதவீதம் மின்வாகனத்துக்கு என்றது. எங்கள் பக்கம் பார்க்கிங் என்ற ஒன்றே கிடையாது. தமிழ்நாட்டுக் கொள்கையில் மின்வாகன நகரங்களாகச் சொன்ன ஆறில் சென்னையும் உண்டு. அந்தச் சென்னையில் ஒரே மீட்டரில் மூன்று போர்ஷன் ஓடும் தெருவும் உண்டு என்பதை யாராவது சேர்த்து எழுதியிருக்கலாம். அத்திப்பட்டில் அனல்மின் நிலையம், மணலியில் சுத்திகரிப்பு ஆலை. பெட்ரோலோ கரண்டோ, புகையும் சாம்பலும் எங்கள் மூக்கைத் தொட்ட பிறகுதான் மற்றவர்களுக்குப் போகிறது. ஒரு பிளக் பாயிண்ட் கேட்க எங்களுக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்றே நினைக்கிறேன்.

நான் கேட்பது ஃபாஸ்ட் சார்ஜர் இல்லை. மாநகராட்சிப் பள்ளிக்கூடமும் சமுதாய நலக்கூடமும் ராத்திரி பூட்டித்தான் கிடக்கின்றன. சுற்றுச்சுவர் உண்டு, கேட் உண்டு, சில இடங்களில் வாட்ச்மேனும் உண்டு. காம்பவுண்டை ஒட்டி ஒரு ஷீட் கூரை, கீழே பத்து 15 ஆம்ப்ஸ் பாயிண்ட், பத்து சப் மீட்டர். இரவு 9 மணிக்கு உள்ளே, காலை 6.30-க்கு வெளியே. யூனிட்டுக்கு 10 ரூபாயே வாங்கட்டும், மாதா மாதம் கட்டத்தான் போகிறோம். "ஸ்கூல்ல தீப்பிடிச்சா?" என்று என் மனைவி கேட்டாள். கட்டடத்தை விட்டுத் தள்ளிப் போட வேண்டும், இதையெல்லாம் கேட்டு நான் எழுதிய மனுவில் அந்த வரியையும் சேர்த்தேன்.

வார்டு மக்கள் கூடிக் குறைகளைச் சொல்லும் ஏரியா சபைக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். எனக்கு முன்னால் பேசியவர் குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலப்பதை பாட்டிலில் பிடித்துவந்து காட்டியிருந்தார். அந்த பாட்டிலுக்குப் பக்கத்தில் நின்று ஸ்கூட்டர் சார்ஜரைப் பற்றிப் பேசியது எனக்கே ஒரு மாதிரி இருந்தது. சிலர் சிரித்தார்கள். எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தேன். பிறகு ஓர் அலுவலகத்தில் "கரண்ட் எங்களுது இல்ல சார்" என்றார்கள். இன்னொன்றில் "இடம் எங்களுது இல்ல சார்" என்றார்கள். இருவர் சொன்னதும் உண்மை, அதுதான் கொடுமை. ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது மட்டும் தெரு முழுக்க சீரியல் செட் எரிகிறது, மைக் செட் அலறுகிறது. அதற்கு இடமும் கரண்டும் எப்படியோ ஒன்றுசேர்ந்துவிடுகின்றன.

போன மாதம் எதிர்வீட்டு ஆட்டோ அண்ணன் மின்சார ஆட்டோவுக்கு மாறிவிட்டார். இறக்கிய அன்றே என் ஜன்னலை அண்ணாந்து பார்த்து, "தம்பி, இன்னொரு ஒயர் தாங்குமா?" என்றார். தாங்காது. மனுவின் நகலைக் கொடுத்தேன், கையெழுத்துப் போட்டார். ஸ்டாண்டில் காட்டி இன்னும் ஏழு பேரிடம் வாங்கிவந்தார். ஹவுஸ் ஓனர் அம்மாவும் போட்டிருக்கிறார், "முதல்ல இந்த ஒயர் என் வாசலை விட்டுப் போகட்டும்" என்று சொல்லிக்கொண்டே. என் கையெழுத்தோடு மொத்தம் 10 ஆகிவிட்டது. அடுத்த ஏரியா சபைக்கு எடுத்துப் போக வேண்டும். அதற்குள் மழை பிடித்துவிடும். ஒயரை உள்ளே விட்டு இறக்க முக்கால் இன்ச் பி.வி.சி. பைப் 20 அடி சொல்லி வைத்திருக்கிறேன்.