கதை வேண்டாம் என்ற பையனுக்கு

ராயக்கோட்டை தக்காளி மண்டியில் கணக்கு எழுதுவது என் வேலை. ஏலம் முடிந்து லோடு வண்டிகள் கிளம்பிய பிறகு கொஞ்ச நேரம் கை ஓய்ந்திருக்கும். என் வாசிப்பெல்லாம் அப்போதுதான். போன வாரம் பெட்டி தூக்கும் பையன் ஒருவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அண்ணா, கதையெல்லாம் எனக்கு ஒத்துவராது. நெஜமா நடந்தது எதாச்சும் இருந்தா குடுங்க."

முதலில் நான் எடுத்தது உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. அதன் தடிமனைப் பார்த்ததும் பயந்துவிட்டான். முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டாம், 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்திக்கும் இடத்தைத் திற என்றேன். கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் சாமிநாதையர், தான் படித்த அந்தாதி, பிள்ளைத்தமிழ் என்று வரிசையாகச் சொல்கிறார். முன்சீப்பான முதலியாரோ, அதனால் என்ன பிரயோசனம் என்று கேட்டுவிட்டு, சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். படித்ததில்லை. எனக்கு உடம்பு சிலிர்ப்பது அதற்கு அப்புறம்தான். ஏட்டிலிருக்கும் அந்தச் சமணக் காப்பியம் புரிய வேண்டுமென்று, அவ்வளவு படித்தவர் சமணர்களின் வீடு தேடிப்போய் மாணவனைப் போலக் கேட்டுக்கொள்கிறார். 1887இல் சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தார், 1894இல் புறநானூற்றை. நம் தகடூர் அதியமான் தனக்கு நெல்லிக்கனி கொடுத்ததை ஔவை பாடும் 91ஆம் பாட்டு அதில்தான் இருக்கிறது. தருமபுரிக்காரன் ஒவ்வொருவனும் அந்த மனிதருக்குக் கடன்பட்டவன் என்றே நான் நினைக்கிறேன்.

தொ. பரமசிவனின் 'அறியப்படாத தமிழகம்' சிறியது. ஒரு டீ குடிக்கும் நேரத்துக்கு ஒரு கட்டுரை போதும். உப்பைப் பற்றிய பகுதியைப் பிரித்துக் கொடுத்தேன். சம்பளம் என்ற சொல்லுக்குள் நெல்லும் உப்பும் இருக்கின்றன என்கிறார். கூலி வாங்கும் கைக்கு அது தனியாகப் புரியும்.

கென்னத் ஆண்டர்சன் 1954இல் வெளியிட்ட வேட்டைப் புத்தகத்தை ஆங்கிலத்தில்தான் படித்தேன். அதனால் ஜவளகிரிப் புலியை வாயாலேயே சொன்னேன். ஜவளகிரி நம் தேன்கனிக்கோட்டைப் பக்கம் என்றதும் பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஆண் புலியைப் போலக் குரல் கொடுத்து அந்தப் பெண் புலியை வரவழைத்துச் சுடுகிறார். மனிதரைத் தின்ற புலிதான், ஆனாலும் அந்த இடத்தை என்னால் தாங்க முடியவில்லை. காட்டின் இருட்டையும் சத்தத்தையும் அவரைப் போல எழுதியவர்கள் குறைவு. அதற்காகவே படிக்கலாம்.

ஃபுகோகாவின் 'ஒற்றை வைக்கோல் புரட்சி'யை அவனுடைய அப்பாவுக்குக் கொடுத்து அனுப்பினேன். உழாமல், ரசாயன உரம் போடாமல், அறுத்த வைக்கோலை வயலிலேயே பரப்பி நெல் விளைவித்தவர். ஆனால் ஜப்பானில் அவருக்குக் கிடைத்த மழை நம் மேட்டு நிலத்துக்குக் கிடைக்காது. அதை மனதில் வைத்துப் படிக்கச் சொல் என்றும் சொல்லியிருக்கிறேன்.

பையன் இப்போது உப்பைத் தாண்டி உரல், உலக்கைக்கு வந்திருக்கிறான். 'என் சரித்திரம்' இன்னும் என் மேஜையில்தான் இருக்கிறது. அந்த 1880ஆம் ஆண்டுப் பக்கத்தில் பழைய ரசீது ஒன்றை அடையாளம் வைத்திருக்கிறேன்.