ஓசூர் மழையைப் பிடதியில் தேடிய கதை

இரண்டு கோடைகளாக ஒரு பழக்கம். மார்ச் முதல் மே வரை மதியம் இரண்டு மணியானால் செயற்கைக்கோள் படங்களைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். ஓசூரைச் சுற்றி எழும் மேகங்களில் எது ஆலங்கட்டியைக் கொட்டும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என்பதுதான் பந்தயம். எதிராளி யாரும் இல்லை. அடுத்த தோட்டத்தில் ரோஜாவுக்குப் பசுமைக்குடில் போட்டிருக்கும் பெரியவர் மட்டும் மாலையில் வேலியோரம் வந்து, "என்ன தம்பி, இன்றைக்குக் கல் விழுமா?" என்று கேட்பார். அவருடைய பாலித்தீன் கூரையை ஒருமுறை ஆலங்கட்டி சல்லடையாக்கியிருக்கிறது. எனக்கு விளையாட்டு, அவருக்குப் பிழைப்பு.

தொடங்கியபோது எனக்குத் தெரிந்த விதி ஒன்றே ஒன்று: அகச்சிவப்புப் படத்தில் மேகத்தின் தலை எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவு பொல்லாத மேகம். முதல் ஏப்ரலில் ஒருநாள் தளி பக்கம் மைனஸ் 75 டிகிரி காட்டியது. பெரியவரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். பறித்த பூவையெல்லாம் உள்ளே எடுத்து வைத்தார். அரை மணி நேரம் நல்ல மழை, அவ்வளவுதான். அடுத்த வாரமும் இதே கூத்து. மூன்றாம் முறை அவர் சிரித்துவிட்டார்.

பிழை விதியில்தான் இருந்தது. நம் அட்சரேகையில் அடிவளிமண்டலத்தின் கூரையே 16, 17 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. இடிமழை தரும் கார்திரள் மேகம், கொஞ்சம் தெம்புள்ளது எதுவானாலும் அதுவரை ஏறிவிடும். ஏறினால் மைனஸ் 70க்குக் கீழே குளிர்ந்துவிடும். அதாவது இங்கே குளிர்ந்த தலை என்பது சாதாரணம். கல் உருவாவது மேகத்தின் வயிற்றில். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்தும் உறையாமல் இருக்கும் நீர்த்துளிகள் அங்கே நிறைய வேண்டும். கல் பருக்கும்வரை அதைத் தாங்கிப் பிடிக்க மேலெழும் காற்றும் வேண்டும். உருவானாலும் தரைக்கு வந்து சேர வேண்டுமே! கோடையில் பூஜ்ஜிய டிகிரி மட்டம் நாலரை, ஐந்து கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் மேலே இருப்பதால் கல் உருக வேண்டிய தூரம் அந்த அளவுக்குக் குறைகிறது. சென்னைக்கு அந்தச் சலுகையும் இல்லை. செயற்கைக்கோள் காட்டுவதோ மேகத்தின் கூரையை மட்டும்.

இரண்டாம் கோடையில் ஹிமாவாரி-9 தரவுக்கு மாறினேன். ஜப்பானியச் செயற்கைக்கோள், பத்து நிமிடத்துக்கு ஒரு படம். நம் இன்சாட்-3டிஆர், 3டிஎஸ் இரண்டும் ஆளுக்கு அரை மணிக்கு ஒன்று. மாற்றி மாற்றி எடுத்தால் கால் மணிக்கு ஒன்று. இடிமழையில் ஐந்து நிமிடம் பெரிது என்று ஆசைப்பட்டேன். அந்த ஆசைதான் இந்தப் பதிவை எழுத வைத்திருக்கிறது.

ஏப்ரல் கடைசியில் ஒரு மாலை. வெளியே தகரக் கூரையில் மழை அடிக்கிற சத்தத்தில் பேச முடியவில்லை. திரையிலோ ஓசூர் வெறுமையாக இருக்கிறது. மேகத்தின் உச்சி பெங்களூரைத் தாண்டிப் பிடதி மேல் நிற்கிறது. முதலில் நேரத்தைச் சந்தேகித்தேன். படங்களின் நேரம் உலக நேரத்தில் இருக்கும். ஐந்தரை மணி கூட்ட வேண்டும். அது சரியாகவே இருந்தது. பிறகு வரைபடக் கோப்பு, பிறகு என் நிரல், பிறகு மென்பொருள் என்று ஒவ்வொன்றாகக் குற்றம் சாட்டி இரண்டு இரவுகளைக் கழித்தேன். சாட்பை என்கிற இலவச மென்பொருளைத்தான் பயன்படுத்துகிறேன். அதை மூன்று முறை நீக்கி மீண்டும் நிறுவினேன். குற்றவாளி பள்ளிக்கூட அறிவியல் புத்தகத்தில் இருந்தான்: இடமாறு தோற்றப் பிழை.

ஹிமாவாரி நிற்பது 140.7 டிகிரி கிழக்கில், நியூ கினித் தீவுக்குச் சற்று வடக்கே, நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே. அங்கிருந்து ஓசூரைப் பார்ப்பது, தெருக்கோடியில் நின்று மொட்டைமாடித் தொட்டியைப் பார்ப்பது போல. தொட்டி பின்வீட்டு மாடியில் இருப்பதாகத் தோன்றும். கணக்குப் போட்டேன். ஓசூரின் தலைக்கு நேர் மேலிருந்து அந்தப் பார்வை ஏறக்குறைய 72 டிகிரி சாய்ந்திருக்கிறது. 15 கிலோமீட்டர் உயர மேகத்தை அது 45 கிலோமீட்டர் மேற்கே தள்ளிக் காட்டும். ஓசூரிலிருந்து மேற்கே 45 கிலோமீட்டர் போனால் வருவது பிடதி! 82 டிகிரியில் நிற்கும் இன்சாட்-3டிஎஸ்ஸுக்கு இதே பிழை சுமார் நான்கு கிலோமீட்டர், அதன் அகச்சிவப்புப் படத்தில் ஒரே ஒரு புள்ளி. பழைய குறிப்பேட்டைப் புரட்டினேன். 'மழை வந்தது, படத்தில் மேகமே இல்லை' என்று அந்தக் கோடையில் எழுதி வைத்த நான்கில் மூன்றுக்கு இப்போது விளக்கம் கிடைத்துவிட்டது. மென்பொருளிலேயே இதைத் திருத்தும் வசதி இருக்கிறது. ஆனால் மேகத்தின் உயரத்தை நாம் கொடுக்க வேண்டும். நான் சோம்பேறி. உயரத்தைப் போல் மூன்று மடங்கு கிழக்கே தள்ளிப் படித்துக்கொள்கிறேன்.

இப்போது நம்புவது இன்சாட்டின் ஒளிப்படத்தை, அதாவது கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தில் எடுக்கும் படத்தை, அதுவும் நாலு மணிக்கு மேல். வெயில் சாய்ந்துவிட்டால் மேகத்தின் மேற்பரப்பு உழுத வயல் போலத் தெரிகிறது. மேலெழும் காற்று உக்கிரமாக இருந்தால், கொல்லன் பட்டறை அடைகல் போலப் பரந்த மேகத்தட்டைக் கிழித்துக்கொண்டு ஒரு குமிழ் மேலே துருத்தும். நாலரை மணிக்கு அதன் நிழல், உயரத்தைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு நீளமாகக் கிழக்கே விழும். ஒன்றரை கிலோமீட்டர் குமிழுக்கு மூன்று கிலோமீட்டர் நிழல். படத்தில் மூன்று புள்ளி. அந்த மூன்று புள்ளியைத் தேடித்தான் கண் வலிக்கிறது. குமிழ் பத்து நிமிடத்தில் அமுங்கியும் போகலாம். இரண்டு படங்களுக்கு நடுவே பிறந்து செத்ததெல்லாம் கணக்கில் வராது. ஒளிப்படத்தின் மேல் அகச்சிவப்பு வண்ணத்தைக் கண்ணாடி போலப் போர்த்திப் பார்க்கும் முறை ஒன்று உண்டு. செக் நாட்டு வானிலையாளர் மார்ட்டின் செட்வாக் உருவாக்கியது. நிழலும் குளிரும் ஒரே படத்தில் கிடைக்கின்றன. எனக்கு மிகவும் உதவியது இதுதான்.

மே மாதம் ஒருநாள் பலித்தது. நாலே முக்கால் படத்தில் தேன்கனிக்கோட்டைக்கு மேலே குமிழ். ஐந்து மணிப் படத்திலும் அதே மேகத்தில், கொஞ்சம் வடகிழக்கே, இன்னொன்று. பெரியவரிடம் சொன்னேன். "போன வருடமும் இப்படித்தான் சொன்னாய்" என்றபடியே பக்கவாட்டுத் திரைகளை இறக்கினார். ஐந்து இருபதுக்குக் கல் விழுந்தது. கூடையைக் கவிழ்த்துத் தலையில் பிடித்துக்கொண்டு பொறுக்கினேன். பெரும்பாலும் கொண்டைக்கடலை அளவு. பெரியதை அளந்தால் 14 மில்லிமீட்டர். கத்தியால் வெட்டினால் வெங்காயம் போல வெள்ளையும் தெளிவுமாய் அடுக்கு. கூரை தப்பித்தது, அதில் என் பங்கு எதுவும் இல்லை, கல் சிறியது.

அந்த மாதம் குமிழைப் பார்த்துச் சொன்னவை ஏழு. கல் விழுந்ததாக எனக்குத் தெரிந்தவை இரண்டு. ஆனால் மற்ற ஐந்தில் நான் இல்லாத ஊரில் விழுந்திருந்தால்? அதற்காகத் தெர்மாகோல் பலகையில் அலுமினியத் தாள் சுற்றி மூன்று இடங்களில் வைத்திருக்கிறேன். கல் விழுந்தால் பள்ளம் பதியும், அகலத்தை அளந்துகொள்ளலாம். ஒன்று பெரியவரின் மோட்டார் அறைக் கூரையில் இருக்கிறது. முதல் வாரத்திலேயே பன்னிரண்டு பள்ளங்கள் என்று பூரித்துப் போய் அளந்தேன். "தம்பி, அது காக்கை" என்றார்.