அப்பாவின் போனுக்கு ஒரு பீடம்

நவம்பர் 9, 2024

அப்பா போனை எடுக்கவில்லை. ஒன்பது முறை கூப்பிட்டேன். பத்தாவது முறை ஸ்விட்ச் ஆஃப் என்று வந்தது. எதிர்வீட்டு அத்தையைப் பிடித்து ஓடிப்போய்ப் பார்க்கச் சொன்னேன். “உங்கப்பா திண்ணையில உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருக்கார்டி. சார்ஜ் இல்லையாம்” என்றார். அதற்குள் எனக்கு பிபி 150/100.

நவம்பர் 10

“ஒயர் உள்ள போக மாட்டேங்குதும்மா.” இதைச் சொல்ல அப்பா இரண்டு வாரம் எடுத்துக்கொண்டிருக்கிறார். அத்தையின் போனிலிருந்து வீடியோவில் காட்டச் சொன்னேன். இடது கையில் போன், வலது கையில் ஒயர். ஊசியில் நூல் கோக்கிற மாதிரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிட்டே கொண்டுபோகிறார். பின் துளையைச் சுற்றி ஒரு வட்டம் போடுகிறது, இடறுகிறது, மறுபடி வட்டம். நாலாவது தடவை கையை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார். கும்பகோணத்தில் முப்பத்தைந்து வருஷம் காம்பஸ் இல்லாமல் கரும்பலகையில் வட்டம் போட்ட கணக்கு வாத்தியார். பசங்க எழுந்து கை தட்டுவார்களாம்.

மாத்திரை காலை ஆறு, பதினொன்று, நாலு. நாலு மணி மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டுவிடுகிறார் என்று அத்தை போட்டுக்கொடுத்தார்.

நவம்பர் 11

படுத்தபடியே தேடியதில் நான் தேடுவதற்கு சார்ஜிங் டாக் என்று பெயர் எனத் தெரிந்தது. சின்னதாக ஒரு பீடம். போனைக் கொண்டுபோய் அதில் நிறுத்தினால் சார்ஜ் ஏறும். 600 ரூபாய்க்கும் இருக்கிறது, 6,000 ரூபாய்க்கும் இருக்கிறது. ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று புரிந்துகொள்ளவே மத்தியானம் போய்விட்டது.

இதில் இரண்டு ஜாதி. ஒன்றில் பீடத்தின் நடுவே பின் நட்டுக்கொண்டு நிற்கும், போனை அதன்மேல் இறக்க வேண்டும். இன்னொன்றில் பின்னே கிடையாது. பீடத்துக்குள் ஒரு செம்புக் கம்பிச் சுருள், போனின் முதுகுக்குள் இன்னொன்று. இதில் மின்சாரம் மாறி மாறி ஓடினால் தொடாமலே அதில் மின்சாரம் பிறக்கும். 1831இல் ஃபாரடே காட்டிய அதே சங்கதி. சுருளும் சுருளும் நேருக்கு நேர் இருக்க வேண்டும். படுக்கை வசமான தட்டில் போன் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால் ஏறாது. காலையில் எழுந்து பார்த்தால் 4% என்று நிற்கும். ஆகவே தட்டு வேண்டாம். சாய்ந்து நிற்கிற பீடம்தான், கீழே விளிம்பு வைத்தது. வைத்தால் தானே சரியான இடத்தில் உட்கார்ந்துவிடும். நடுங்கும் கைக்கு அதுதான்.

1,899 ரூபாய். கூடையில் போட்டு வைத்திருக்கிறேன்.

நவம்பர் 12

138/88.

நவம்பர் 13

அப்பாவின் போனில் அந்தச் சுருளே இல்லை.

இரண்டு வருஷம் முன்னால் ஒன்பதாயிரத்துக்கு வாங்கிக் கொடுத்தது நான்தான். அந்த விலைப் போன்களில் சுருள் வைப்பதில்லை. இது தெரியாமல் இரண்டு நாள் எல்லோரிடமும் பெருமை அடித்திருக்கிறேன். சுருளை மட்டும் ஸ்டிக்கர் மாதிரி தனியாக விற்கிறார்கள், போன் முதுகில் ஒட்டி, அதன் பட்டை ஒயரைச் சார்ஜ் துளையில் நிரந்தரமாகச் செருகிவிடலாம். இவரிடம் காட்டினேன். “செருப்புக்குத் தகுந்த மாதிரி காலை வெட்டுற” என்றார்.

பீரோவில் இவருடைய பழைய ஐபோன் 11 சும்மா கிடக்கிறது. அதில் சுருள் உண்டு. அதை அப்பாவுக்குக் கொடுத்தால்? ஆனால் அப்பா எழுத்துகளைப் படித்துப் போனை இயக்குகிறவர் இல்லை. பச்சைப் பொத்தான் எந்த மூலையில் இருக்கும் என்று விரலுக்குத் தெரியும், அவ்வளவுதான். மூலை மாறினால் போனே மாறிவிடும்.

நவம்பர் 15

இன்று அத்தை சாதாரணமாகச் சொன்னதைக் கேட்டுத் தூக்கம் போயிற்று. அப்பா போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே தூங்குகிறாராம். இடது பை. “நீ ராத்திரி கூப்பிட்டா கேக்கணும்னு” என்றாராம்.

பேஸ்மேக்கர் வைத்து அனுப்பும்போதே ஆறு அங்குலம் தள்ளி என்று சொல்லித்தானே அனுப்பினார்கள்? ஐபோன்காரர்கள் எழுதி வைத்திருப்பதையும் படித்தேன். 15 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி வைக்கணும், ஒயர் இல்லாமல் சார்ஜ் ஏறும்போது 30க்கு மேல். 2020இல் வந்த 12ஆம் மாடலிலிருந்து முதுகில் காந்த வளையம் வேறு. கச்சென்று ஒட்டிக்கொள்கிற காந்தப் பீடம்தான் நடுக்கத்துக்கு உத்தமம் என்று நேற்று வரை நினைத்திருந்தேன். அது ஒழிந்தது.

ஆனால் இப்படியும் யோசித்தேன். போனுக்கென்று ஓர் இடம் இருந்தால் அது பையில் தூங்காது. அலமாரி மேல், கட்டிலிலிருந்து நாலடி தள்ளி. டாக் சார்ஜுக்காக இல்லை, போனை அப்பாவின் நெஞ்சிலிருந்து இறக்குவதற்காக. அப்படிப் பார்த்தால் 1,899 ஒன்றுமே இல்லை.

இவருடைய ஸ்கேலை எடுத்துக் கட்டிலில் முப்பது சென்டிமீட்டர் அளந்து பார்த்தேன். ஒரு தலையணை அகலம்கூட இல்லை.

நவம்பர் 17

இவர் ரிச்சி ஸ்ட்ரீட் போய் வந்தார். பின் வைத்த பீடம் ஒன்றைக் கடையிலேயே சோதித்து வீடியோ எடுத்து அனுப்பினார். போனை இறக்கும்போது சரியாகத்தான் இருக்கிறது. எடுக்கும்போது பீடமும் கூடவே தூக்கிக்கொண்டு வருகிறது, வாலில் தொங்கும் எலிப்பொறி மாதிரி. கடைக்காரர் “ஒரு கையால கீழ புடிச்சிக்கணும் சார்” என்கிறார். ஒரு கைதான் சரியாக இருக்கிறது என்பதற்காகத்தானே ஐயா இவ்வளவும்.

கனமான அடி வைத்தது ஒன்று இருந்ததாம், ஆனால் போன் உறையைக் கழற்றினால்தான் பின் முழுசாக உள்ளே போகும். அப்பாவின் உறை மடக்குகிற வகை. அதில் ஆதார் நகல், இரண்டு நூறு ரூபாய், அம்மாவின் பாஸ்போர்ட் சைஸ் படம். கழற்றச் சொல்ல மாட்டேன்.

நவம்பர் 18

வயிற்றில் அசைவு: 40 நிமிஷத்தில் 10.

நவம்பர் 20

சண்டை. “ஒரு பட்டன் போன் வாங்கிக் கொடு, வாரத்துக்கு ஒரு தடவை சார்ஜ் போட்டா போதும்” என்று இவர் நாலாவது முறையாகச் சொன்னார். சரிதான், தப்பே இல்லை. ஆனால் பட்டன் போனில் முகம் தெரியாது. அப்பாவால் சென்னைக்கு வர முடியாது, என்னால் இப்போதைக்குக் கும்பகோணம் போக முடியாது. பார்ப்பது எப்படி? அவர் எதற்காக அந்தப் போனைப் பையிலேயே வைத்திருக்கிறார் என்று நினைக்கிறார் இவர்?

சாயங்காலம் இளநீர் வாங்கி வந்து வைத்துவிட்டுப் பேசாமல் போனார்.

நவம்பர் 22, விடியற்காலை 2:40

தூக்கம் வரவில்லை. டாக் சரித்திரம் படிக்கிறேன். 2007இல் வந்த முதல் ஐபோனுக்குப் பெட்டியிலேயே ஒரு பீடம் கொடுத்தார்களாம், இனாம். 2009இல் பாம் பிரீ என்ற போனுக்கு டச்ஸ்டோன் என்று ஒன்று, காந்தத்தோடு, ஒயர் குத்தாமலே ஏறும். பதினைந்து வருஷம் முன்னால்! இப்போது எல்லாப் பீடங்களிலும் போட்டிருக்கிற Qi என்ற அந்தத் தரத்தின் பெயரைச் ‘சீ’ என்று சொல்ல வேண்டுமாம், சீன மொழியில் உயிர்ச்சக்தி மாதிரி ஓர் அர்த்தம். நான் இத்தனை நாளாக ‘கி’ என்றே படித்துக்கொண்டிருந்தேன். ஆப்பிள் 2017இல் மூன்று கருவியை ஒரே தட்டில் எங்கே வைத்தாலும் ஏறும் என்று அறிவித்து, 2019 மார்ச்சில் முடியவில்லை என்று கைவிட்டுவிட்டது. அவர்களாலேயே முடியவில்லை. படித்ததும் ஏனோ நிம்மதியாக இருந்தது.

கால் வீக்கம். மோதிரம் கழற்ற வரவில்லை, சோப்புப் போட்டுத்தான்.

நவம்பர் 24

ஸ்விட்ச்! இத்தனை நாள் எனக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று?

அப்பா ராத்திரி படுக்குமுன் வீடு முழுக்கச் சுற்றி எல்லா ஸ்விட்ச்சையும் அணைப்பார். பிளக்குகளைப் பிடுங்கித் தரையில் போடுவார். நான் ஆறாவது படிக்கும்போது ஓர் இடியில் டிவி போனதிலிருந்து இது சந்தியாவந்தனம் மாதிரி. ஃபிரிட்ஜ் தப்பித்ததே அம்மாவால். நான் ஆறாயிரத்துக்குத் தங்கப் பீடம் வாங்கிக் கொடுத்தாலும் ஒன்பதரை மணிக்கு அதன் உயிரை எடுத்துவிட்டுத்தான் படுப்பார்.

கேட்டேன். “ராத்திரி பூரா கரண்டு ஓடினா பேட்டரி வீங்கிடாதா?” என்றார். நிறைந்ததும் போன் தானே வாங்குவதை நிறுத்திக்கொள்ளும் என்று அரைமணி நேரம் சொன்னேன். கணக்கு வாத்தியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரிம்மா, நீ டென்ஷன் ஆகாத” என்றார். அணைப்பார்.

நவம்பர் 26

டெல்டா முழுக்க மழை. அப்பா எடுக்கவில்லை. அத்தையும் எடுக்கவில்லை.

நவம்பர் 27

காலை ஏழு மணிக்கு அத்தை. ராத்திரியெல்லாம் கரண்டு இல்லையாம். அப்பா சௌக்கியம், அடை சாப்பிட்டார். பிபி பார்க்கவில்லை, பார்க்கப் பயம்.

கரண்டே இல்லாதபோது எந்தப் பீடம் என்ன செய்யும்? பவர் பேங்க் ஒன்று அனுப்பலாம். அதற்கும் ஒயர் குத்தணும்.

நவம்பர் 28

இதை எழுதாமல் இருக்க முடியாது. அத்தை அப்பாவின் போனைத் தெருமுனை எலெக்ட்ரிக் கடைப் பையனிடம் கொண்டுபோயிருக்கிறார். அவன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் பல்குத்தும் குச்சியை எடுத்தானாம். குண்டூசி விடக் கூடாது அக்கா, உள்ளே நடுவில் மெல்லிசாக ஒரு நாக்கு இருக்கு, அது உடைந்தால் போன் போச்சு என்று வியாக்கியானம் வேறு. மெதுவாகச் சுரண்டச் சுரண்ட வெள்ளையாகக் கட்டி ஒன்று வந்திருக்கிறது. பிறகு இன்னொன்று.

விபூதி. பையில் போனோடு கிடக்கிற கும்பேஸ்வரர் கோயில் விபூதிப் பொட்டலம், கூடவே பஞ்சு. மழைக்கால ஈரத்தில் சிமெண்ட் மாதிரி இறுகியிருக்கிறது. நல்ல கையாலேயே ஒயர் முழுசாகப் போயிருக்காது. மூன்று வாரமாக நான் நடுக்கத்துக்கு மருந்து தேடிக்கொண்டிருக்கிறேன்!

சிரித்துச் சிரித்து வயிறு இறுகிக்கொண்டது. இவர் பயந்துவிட்டார். பையனுக்கு இருபது ரூபாய் கொடுத்தாராம் அத்தை.

நவம்பர் 29

ஆனாலும் கை நடுங்கத்தானே செய்கிறது. இன்று பத்துக்கு நாலு முறை உள்ளே போயிற்று என்று அப்பா நோட்டில் எழுதி வைத்துச் சொன்னார். கூடையில் இருப்பது இப்போது 1,799. ‘இன்று மட்டும்’ என்று போட்டிருக்கிறான். பதினொன்றாம் தேதியும் அதையேதான் போட்டிருந்தான்.

நவம்பர் 30

ஃபெஞ்சல் புயல். சென்னை விமான நிலையத்தை மூடிவிட்டார்களாம். தெருவில் முழங்கால் தண்ணீர், ஆஸ்பத்திரிப் பையை வாசலருகே கொண்டுவந்து வைத்துவிட்டார் இவர். மத்தியானம் கரண்டு போயிற்று. என் போனில் 11%.

அப்பா மணிக்கு ஒரு தடவை கூப்பிடுகிறார். அவருக்கு 96% இருக்கிறதாம்.

டிசம்பர் 1

புயல் ராத்திரி புதுச்சேரி பக்கம் கரை கடந்துவிட்டது. அங்கே நிலைமை மோசம் என்கிறார்கள். இங்கே காலை நாலரைக்குக் கரண்டு வந்தது.

அப்பா வீடியோவில் வந்தார். “இதப் பாரு” என்று திருப்பினார். அம்மா ராமாயணம் வாசித்த சிக்குப்பலகை, புத்தகத்தை விரித்து வைக்கிற இரட்டை மடக்குப் பலகை. பரணிலிருந்து அத்தையை விட்டு இறக்கியிருக்கிறார். பலகையின் அடியில் இரண்டும் சேருகிற மடிப்பில், ஒயரின் தலையைப் பின் மேலே பார்க்க நிமிர்த்திவைத்துச் சணல் கயிற்றால் கட்டியிருக்கிறார். போனைப் பலகையில் சாய்த்து, இரண்டு கையாலும் மெதுவாகக் கீழே சறுக்கிவிடுகிறார். பலகைதான் வழி காட்டுகிறது, கைக்கு வேலை இல்லை. டொக். மேலே பச்சை மின்னல் குறி. எடுக்கும்போது பலகை அசையவே இல்லை. தேக்கு.

“பத்துக்கு ஏழு” என்றார். உறையின் கீழ்ப்பக்கத்தைப் பிளேடால் கொஞ்சம் வெட்டிவிட்டாராம், அம்மா படம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. பலகை இருப்பது கூடத்து அலமாரியில். கட்டிலிலிருந்து எத்தனை அடி என்று கேட்டேன். எழுந்து அடி வைத்து எண்ணி, “ஒம்பது” என்றார்.

ஸ்விட்ச் போர்டையும் காட்டச் சொன்னேன். ஆறு ஸ்விட்ச்சில் ஒன்றுக்கு மட்டும் குங்குமப் பொட்டு. அதை அணைக்க மாட்டாராம்.

கூடையிலிருந்து எடுத்துவிட்டேன்.

டிசம்பர் 2

நாத்தனார் வந்திருந்தார். “உங்கப்பாவுக்கு வாங்காட்டி போ, உனக்கு வாங்கிக்க. ஒரு கையில அது இருக்கும், ராத்திரி மூணு மணிக்கு எந்தக் கையால ஒயர் குத்துவ?” என்றார். என் போனில் சுருள் இருக்கிறது. மறுபடி கூடையில் போட்டேன். 1,899. ஐந்தாம் தேதி வந்துவிடுமாம்.

158/106. சிறுநீரில் புரதம் இரண்டு பிளஸ்.

டிசம்பர் 3

பிளக் பாயிண்ட் கட்டிலுக்குப் பின்னால், சுவரோடு சுவராக. ஒயர் எட்டவில்லை. இடது கையில் ஊசி. 23%. இவர் கீழே பணம் கட்டப் போயிருக்கிறார். அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை, நாலு மணி மாத்திரை போட்ட பிறகு