வரம்பில் நடக்கும் கால்

எட்டு வடிவில் கட்டுத்துணி சுற்ற நான் முதன்முதலில் பழகியது பேராதனையில் இயன்மருத்துவம் (பிசியோதெரபி) படித்தபோது, தோழி ஒருத்தியின் மடித்த முழங்காலில். அவளுக்கும் சிரிப்பு, எனக்கும் சிரிப்பு. வன்னியில் பயிற்சிக்கு வந்த முதல் வாரத்தில், நீரிழிவினால் முழங்காலுக்குக் கீழே கால் எடுக்கப்பட்ட ஒரு ஐயாவின் கட்டிலருகே அதே துணியோடு நின்றபோது கை நடுங்கியது. தழும்பு இன்னும் சூடாக இருந்தது. நுனியில் இறுக்கம் கூடுதலாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் இருக்க வேண்டும். சுற்று சரிவாகப் போக வேண்டும். வளையமாகச் சுற்றி மேலே இறுக்கினால் இரத்தம் தடைபட்டு, வற்ற வேண்டிய வீக்கம் கீழேயே தங்கிவிடும். இவ்வளவும் மனப்பாடமாகத் தெரியும். ஆனாலும் இரண்டாம் தடவை சுற்றியதும் நழுவியது.

பக்கத்தில் நின்ற அவருடைய மனைவி துணியை வாங்கி, இரண்டு தடவை அவிழ்த்துப் பார்த்துவிட்டுச் சுற்றினார். நழுவவில்லை. "கடகம் பின்னுகிற கை பிள்ளை. ஓலையை முதலில் எந்த இழுப்பில் பிடித்தோமோ அதே இழுப்பில்தான் முடிக்க வேண்டும். நடுவில் தளர்ந்தால் கடகம் கோணும்" என்றார். இழுவிசை பற்றி நான் படித்த பக்கங்கள் அந்த அம்மாவின் விரல்களில் இருந்தன. பிறகு ஒவ்வொரு நாளும் காலையில் அவர் சுற்றுவதைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த கட்டிலுக்குப் போவேன்.

எங்களுக்குப் பொறுப்பாக இருந்த இயன்மருத்துவரை மிஸ் என்று அழைப்போம். நோயாளரைப் பற்றி நான் சொல்லத் தொடங்கினால், தசையின் வலு ஐந்துக்கு எத்தனை, மூட்டு எத்தனை பாகை மடிகிறது என்பதையெல்லாம் பொறுமையாகக் கேட்பார். பிறகு, "அவருடைய வீட்டில் படலையிலிருந்து கிணறு எவ்வளவு தூரம்?" என்பார். நான் விழிப்பேன். அந்தக் கேள்வி ஏன் என்று எனக்கு விளங்க ஒரு மனிதர் காயப்பட வேண்டியிருந்தது. அதைத்தான் இங்கே எழுத வந்தேன்.

அவர் ஒரு விவசாயி. 2009இல் எறிகணை வீச்சில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். எங்களிடம் வந்தபோது பொய்க்காலோடு பதின்மூன்று ஆண்டுகள் நடந்திருந்தார். எஞ்சிய கால் காலப்போக்கில் மெலிந்து, பழைய பொய்க்காலில் அது நுழைந்து பொருந்தும் கிண்ணம் தளர்ந்துவிட்டதால் புதியது செய்து கொடுத்திருந்தார்கள். அதில் நடக்கப் பழக்குவது என் பொறுப்பு. சமாந்தரக் கம்பிகளுக்கு நடுவே ஒரு வாரம், பிறகு விடுதிக்கு வெளியே சீமெந்து நடைபாதையில் ஒரு வாரம். நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீற்றர் நடந்து, திரும்பி வந்து உட்காரும் சோதனையை நன்றாகவே செய்தார். "தனியாக நடக்கக்கூடியவர்" என்று எழுதிக் கையொப்பத்துக்கு நீட்டினேன். அந்த வரியை எழுதிய மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கிறது.

இரண்டு கிழமைகளில் திரும்பி வந்தார். காலபோக விதைப்புக் காலம். பொய்க்காலைக் கழற்றியபோது முழங்காலின் வெளிப்பக்கத்தில் துருத்தும் எலும்பின் மேல் தோல் உரிந்து சதை தெரிந்தது. கிண்ணத்தின் மேல் விளிம்பைச் சுற்றி, சைக்கிள் ரியூப்பை நீளவாட்டில் வெட்டிய பட்டி ஒன்று இறுகக் கட்டியிருந்தது. அதன் தடம் தொடையில் கறுத்துப் பதிந்திருந்தது. ஏன் கட்டினீர்கள் என்று கேட்டேன். "சேறு காலை இழுக்கிறது பிள்ளை. நான் தூக்குகிறேன், கால் வயலிலேயே நிற்கிறது" என்றார்.

சீமெந்துத் தரை யாருடைய காலையும் இழுப்பதில்லை. வரம்பு ஓர் அடி அகலம். அதில் கால்களை அகட்டி வைக்க இடமில்லை. ஒரு பாதத்துக்கு நேர் முன்னே மறு பாதத்தை வைத்துத்தான் போக வேண்டும். நானோ இரண்டு வாரமும் அவரை அகட்டி நடக்கப் பழக்கியிருந்தேன். அந்த நடையில் வரம்பில் வழுக்கி இரண்டு தடவை விழுந்திருக்கிறார். அதை அவர் எனக்குச் சொல்லவில்லை, மிஸ் கேட்டபோதுதான் சொன்னார். என் மனம் நோகக் கூடாது என்று மறைத்திருக்கிறார். அதை நினைத்தால் இன்றும் தாங்க முடியவில்லை.

மிஸ் என்னைத் திட்டவில்லை. விடுதிக்குப் பின்னாலிருந்த மண்ணில் ஓரடி அகலத்துக்கு இரண்டு கயிறுகளைப் போடச் சொன்னார். வாளியால் தண்ணீர் ஊற்றினோம். காயம் ஆறி, கிண்ணத்தைத் திருத்தி எடுத்த பிறகு அந்த ஈரத்தில் மறுபடி தொடங்கினோம். அவரே எங்களுக்குச் சொல்லித் தந்தார்: சேற்றிலிருந்து காலை நேரே மேலே இழுக்கக் கூடாது, குதியை முதலில் சற்றுத் திருப்பிக் காற்று புக விட வேண்டும். பொய்க்காலில் அதை இடுப்பிலிருந்து செய்ய வேண்டியிருந்தது. எந்தத் தசையைப் பலப்படுத்தினால் அது கைகூடும் என்பதைக் கண்டுபிடித்தது மட்டும் எங்கள் வேலை. காலைக் கழற்றியதும் கைக்கண்ணாடியில் தோலைப் பார்க்கவும், 10 நிமிடங்களுக்கு மேலும் சிவப்பு மறையாவிட்டால் அன்றைக்கு மறுபடி மாட்டாதிருக்கவும் பழக்கினோம்.

ஜெய்ப்பூர் கால் என்னும் பொய்க்கால் இந்த ஊர்களில் ஏன் நிலைத்தது என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. 1960களின் இறுதியில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பி. கே. சேத்தி என்ற எலும்பியல் மருத்துவரும் அதை உருவாக்கியபோது, வெறுங்காலோடு வயலில் இறங்கி, நிலத்தில் குந்தி எழும் மனிதர்களையே மனதில் வைத்திருந்தார்கள். இறப்பர் பாதம், சப்பாத்து தேவையில்லை, கணுக்கால் மடிந்து கொடுக்கும். தேவையைப் பார்த்துச் செய்த கருவியை, தேவையைக் கேளாமல் நான் பழக்கியிருக்கிறேன்.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொடையோடு கால் போன ஒரு அக்கா. இல்லாத பாதத்தில் விரல்கள் மடங்கி இறுகியபடியே இருப்பதாகவும், இரவில் உளைவு தாங்க முடியவில்லை என்றும் சொன்னார். காயப்பட்ட கணத்தில் பாதம் எப்படி இருந்ததோ அப்படியே நிற்கிறது என்றார். சென்னையில் மருத்துவம் படித்து உலகப் புகழ் பெற்ற நரம்பியல் ஆய்வாளர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் கண்டறிந்த கண்ணாடி முறையைச் செய்து பார்த்தோம். அலுமாரிக் கதவிலிருந்து கழற்றிய கண்ணாடியைக் கால்களுக்கு நடுவே நிறுத்தி, நலமான காலின் விம்பம் இழந்த கால் இருந்த இடத்தில் தெரியும்படி வைத்தோம். நலமான விரல்களை மடக்கி விரிக்கச் சொன்னேன். அவர் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள், "பெருவிரல் மட்டும் விட்டுவிட்டது" என்று மெதுவாகச் சொன்னார். மற்ற விரல்கள் நான் அங்கிருந்த வரை விடவில்லை. இந்த முறை எல்லோருக்கும் பலிப்பதில்லை. ஆனால் வலி எத்தனை என்று எண்ணில் எழுதும் கட்டத்துக்குப் பக்கத்தில் அன்று முதல் நோயாளரின் சொல்லையே எழுதினேன். உளைவு, எரிவு, குத்து, விறைப்பு: ஒவ்வொன்றும் வேறு வலி, சிகிச்சையும் வேறுபடலாம்.

2009 மே மாதம் எனக்குப் பத்து வயது. போரில் இடம்பெயர்ந்தவர்களுக்கான செட்டிக்குளம் முகாமில் தடியூன்றி வரிசையில் நின்றவர்களுக்குப் பக்கத்தில் நானும் வாளியோடு நின்றவள். இந்தப் படிப்பை ஏன் எடுத்தாய் என்று கேட்பவர்களுக்கு நான் வேறு பதில் தேடியதில்லை.

பயிற்சி முடிய நான்கு நாட்கள் இருந்தபோது மிஸ் எங்களை அந்த விவசாயியின் வயலுக்கு அழைத்துப் போனார். பயிர் முழங்கால் உயரம். முந்தைய இரவு மழை பெய்திருந்தது. அவர் முன்னால் வரம்பில் நடந்தார், நான் பின்னால் அவருடைய குதியைப் பார்த்தபடி போனேன். ஓரிடத்தில் வரம்பு உடைந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இறப்பர் பாதம் கணுக்கால் வரை புதைந்தது. அவர் நின்றார், இடுப்பைச் சற்றுத் திருப்பினார், சேறு ஒரு சத்தத்தோடு விட்டது. கால் அவரோடு வந்தது. திரும்பிப் பாராமலே, "மண்வெட்டியை எடுத்து வா தம்பி, இதை இப்போதே அடைக்க வேண்டும்" என்று மகனைக் கூப்பிட்டார்.