ஒரே சிவப்பு, இரண்டு நிறம்

மஞ்சளும் நீலமும் மாறி மாறி ஓடும் கோடுகள். நடுவே இரண்டு சிவப்புச் சதுரங்கள். இடப்பக்கச் சதுரத்தில் மஞ்சள் கோடுகளின் இடத்தில் மட்டும் சிவப்பு. நீலக் கோடுகள் அப்படியே குறுக்கே ஓடுகின்றன. அந்தச் சிவப்பு கத்தரிப்பூ நிறத்துக்குச் சாய்கிறது. வலப்பக்கத்தில் நீலத்தின் இடத்தில் சிவப்பு. அது ஆரஞ்சாகத் தெரிகிறது. இரண்டும் ஒரே டப்பா மை. ஜெர்மனியைச் சேர்ந்த முன்கர் 1970-இல் விவரித்த மாயத்தோற்றம் இது. கணினித் திரையில் பலமுறை பார்த்தாயிற்று. காகிதத்திலும் எடுபடுமா என்பதுதான் என் கேள்வி.

தூரிகையால் தீட்டினால் ஓரிடத்தில் திட்டு, ஓரிடத்தில் மெலிவு. "கலவையே வேறு" என்று யாரும் சொல்லிவிடலாம். அதனால் ஸ்கிரீன் பிரிண்டிங்: சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணி வழியே மையைத் தாளில் இறக்கும் முறை. ஓவியரும் ஆசிரியருமான ஜோசப் ஆல்பர்ஸின் வண்ணப் பாடங்கள் 1963-இல் வெளிவந்தபோது அவற்றின் வண்ணத் தாள்களும் இந்த முறையில்தான் அச்சாயின. வேண்டிய சாமான்கள், கல்யாணப் பத்திரிகை அடிப்பவர்கள் வாங்கும் கடையிலேயே கிடைத்தன.

சிவப்பு மை வேறு மையின் மேல் ஏறினால் நிறம் உண்மையிலேயே மாறிவிடும். அப்புறம் மாயம் ஏது? ஆகவே சதுரங்கள் வெறும் வெள்ளைத் தாளில் விழும்படி மூன்று சட்டங்கள்: முதலில் மஞ்சள், அடுத்து சிவப்பு, கடைசியில் நீலம். உயிர் போவது மூன்று அச்சையும் ஒன்றோடொன்று பொருத்துவதில்தான். கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையே மயிரிழை வெள்ளை தெரிந்தாலும் கண் உஷாராகிவிடுகிறது. நீலக் கோட்டை மட்டும் துளி அகலமாக்கி, ஓரங்களின் மேல் ஏறவிட்டேன். அங்கே கறுத்த விளிம்பு ஒன்று விழுகிறது. வெள்ளை இடைவெளிக்கு அது எவ்வளவோ மேல்.

கோட்டின் அகலம்தான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் அடித்த தாளைக் கையில் பிடித்தால் சிவப்பு சிவப்பாகவே இருக்கிறது. சுவரில் ஒட்டி அறையின் மறுகோடிக்குப் போனால்தான் பிரிகிறது. இரண்டு மில்லிமீட்டர் தாளோ கைக்கெட்டும் தூரத்திலேயே ஏமாற்றுகிறது. கோடு கண்ணுக்கு மெலிய மெலிய, பக்கத்து நிறம் சிவப்புக்குள் கசிகிறது. நம்பாதவர்களுக்கென்று கோட்டகலத்தில் இரண்டு துளையிட்ட அட்டை வைத்திருக்கிறேன். இரு சதுரங்களின் சிவப்பின் மேல் அதை வைத்தால் நிறம் ஒன்றாகிவிடும். எடுத்தால் மறுபடி இரண்டு. உண்மை தெரிந்த பிறகும் கண் திருந்துவதில்லை.

அடுத்து சிவப்புக்குப் பதில் சாம்பல். அதையும் தாளிலேயே வந்து பாருங்கள் என்பேன். கைபேசிப் படத்தைச் சுருக்கினால் பக்கத்துப் புள்ளிகளின் நிறங்கள் நிஜமாகவே கலந்துவிடுகின்றன; அது போங்காட்டம்.