மேன்டில் சூடேறி உருகுவதில்லை: நிலவியலாளர் தேர்வில் என்னைக் கரைசேர்த்த வரைபடம்

தேர்வு முடிவுப் பட்டியலில் என் எண்ணைக் கண்டதும், சென்ற முறை முதன்மைத் தேர்வில் பசால்ட் என்னும் கரிய எரிமலைப் பாறையைத் தரும் பாறைக்குழம்பான பசால்ட் மாக்மாவைப் பற்றி நான் எழுதிய விடைதான் நினைவுக்கு வந்தது. "ஆழத்தில் வெப்பம் மிகுந்து மேன்டில் உருகுகிறது" என்று, புவியோட்டின் கீழுள்ள பாறை அடுக்கான மேன்டிலிலிருந்து தொடங்கி மூன்று பக்கம் எழுதியிருந்தேன். அதே விடையை வீட்டில் மீண்டும் எழுதிப் பேராசிரியரிடம் காட்டியபோது, அவர் முதல் வரியை அடித்துவிட்டு, மேற்கொண்டு படிக்காமல் தாளைத் திருப்பித் தந்தார்.

மேலெழும் மேன்டில் பாறையான பெரிடோடைட் சூடேறுவதில்லை. கிலோமீட்டருக்குச் சுமார் அரை டிகிரி குளிரவே செய்கிறது. ஆனால், அழுத்தம் தளரத் தளர, அது உருகத் தொடங்கும் வெப்பநிலை கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 3 டிகிரி வீதம் இறங்குவதால், வரைபடத்தில் பாறையின் வெப்பநிலைக் கோடும் உருகுநிலைக் கோடும் வெட்டிக்கொள்ளும் ஆழத்தில் உருகல் தொடங்குகிறது. பாறையின் ஒரு பகுதி மட்டுமே உருகுவதால், மூலப் பாறையைவிடச் சிலிக்கா மிகுந்த, 45 முதல் 52 சதவீதம் வரை கொண்ட பசால்ட் மாக்மா கிடைக்கிறது. மேன்டிலுக்குள் அமிழும் புவித்தட்டுகளின் மேல் நீர் உருகுநிலையைக் குறைப்பதை ஒரே பத்தியில் முடித்துவிடுங்கள்.

வரைபடம் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும். ஆழத்தைக் கீழ்நோக்கிய அச்சில் குறியுங்கள். வெட்டும் புள்ளியில் அம்புக்குறி இடுங்கள். நான்கு மாதம் தினமும் காலையில் நான் இதை வரைந்தேன். வேறு எந்தத் தலைப்புக்கும் அவ்வளவு நேரம் ஒதுக்கவில்லை.

நிலத்தோற்றங்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்யாமல், லாவா ஓடுவதற்குக் காட்டும் தடையான பாகுத்தன்மையிலிருந்து வருவியுங்கள். 1,100 முதல் 1,200 டிகிரி வெப்பத்தில் வெளிப்படும் பசால்ட் லாவா இளகி நெடுந்தூரம் ஓடுவதால்தான், 4,169 மீட்டர் உயரமுள்ள ஹவாயின் மௌனா லோவா கூடச் சரிவு குறைந்த கேடயமாகக் கிடக்கிறது. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பிளவுகள் வழியே பெருகிய லாவா தக்காணத்தில் அடுக்கடுக்காக உறைந்து, இன்றும் ஏறத்தாழ 5 லட்சம் சதுர கிலோமீட்டரை மூடியிருக்கிறது. மகாபலேஸ்வரத்தில் அந்த அடுக்குகளை நேரில் பார்த்தேன்: ஒவ்வொரு பாய்வின் கெட்டியான நடுப்பகுதி செங்குத்தாக நிற்க, குமிழித் துளைகள் நிறைந்த மேற்பகுதி சிதைந்து படியாகியிருந்தது. நான் எடுத்த கல்லின் துளைகளில் வெண்ணிற ஜியோலைட் படிகங்கள் அடைந்திருந்தன. இம்முறை விடைத்தாளில் அந்தப் படிகளையும் துளைகளையும் உள்ளங்கை அளவுப் படமாக வரைந்து, அதன் கீழ் நான்கே வரிகள் எழுதினேன்.